மாத்திரை வாங்கிய முறையில் மென்பொருளை வாங்க முடியுமா?

1. கேள்வி

அரசு மருத்துவத் துறை வாங்கும் பொருள்களின் பட்டியலில் மாத்திரை, ஊசி மருந்து, ஸ்கேன் கருவி ஆகியவற்றோடு இன்று வேறொரு வகையும் சேர்ந்துவிட்டது. நோயாளிப் பதிவு மென்பொருள், தொலைமருத்துவத் தளம், மருந்து இருப்பைக் கணக்கிடும் செயலி, ஆய்விதழ்ச் சந்தா, நோய்ப்பெயர்களுக்கான குறியீட்டுத் தொகுதி போன்றவை அவ்வகையில் அடங்கும். இவற்றைக் கிடங்கில் அடுக்கி எண்ணிப் பார்க்க முடியாது. ஆனாலும் பெரும்பாலும் இவற்றையும் டெண்டர் விட்டே வாங்குகிறோம். தொழில்நுட்ப உறையை முதலில் பிரித்து, அதில் தேறியவர்களின் விலை உறையைப் பிறகு பிரித்து, குறைந்த விலை கேட்டவருக்கு ஆணை தருகிறோம்.

இந்த முறைக்குத் தமிழ்நாட்டில் தனி மரியாதை உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதைக் கொண்டுதான் மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டியது. மருந்தில் சாதித்ததை மென்பொருளிலும் சாதிக்கலாம் என்ற நம்பிக்கை அதனால் எளிதில் எழுகிறது. இதற்கு நேர்மாறான கருத்தும் உண்டு. டெண்டர் முறையே மென்பொருளுக்கு ஒவ்வாது, குறைந்த விலை விதியைத் தளர்த்தினால் போதும், தரம் தானாக வரும் என்று தகவல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த பலர் வாதிடுகிறார்கள்.

இரண்டு கருத்துகளும் ஒரே இடத்தில் தவறுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டுமே டெண்டரின் வடிவத்தைப் பார்க்கின்றன. வாங்குபவரின் கையில் இருக்கும் அறிவு இரண்டின் பார்வைக்கும் படுவதில்லை.

2. மருந்துக் கொள்முதல் எதனால் வென்றது?

1990-களின் தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துக் கொள்முதலில் முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. அதையடுத்து 1994 ஜூலையில் மருத்துவப் பணிகள் கழகம் நிறுவனச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகி, 1995 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. பின்னாளில் கேரளம், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களும் இத்தகைய கழகங்களை அமைத்துக்கொண்டன.

இக்கழகத்தைப் பற்றிப் பொதுவெளியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது விலை. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாகக் கேட்டதால் விலை குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் அது கதையின் ஒரு பாதி. மற்றப் பாதி தெரிய வேண்டுமானால், ஒரு தொகுதி மாத்திரை மாவட்டக் கிடங்குக்கு வந்திறங்கிய பின் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வந்த சரக்கு உடனே விநியோகத்துக்குப் போவதில்லை; தனியே நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கிறார்கள். மாதிரியிலிருந்து நிறுவனத்தின் பெயரை நீக்கிக் குறியீட்டு எண் இடுகிறார்கள். பட்டியலிலுள்ள ஆய்வகம் ஒன்றுக்கு அது போகிறது. யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. தேறிய தொகுதி மட்டுமே மருத்துவமனைக்குச் செல்கிறது. தேறாத மருந்தை அனுப்பிய நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேரும் வாய்ப்பு உண்டு.

இதோடு மூன்று ஏற்பாடுகள் இணைந்திருந்தன. எந்த மருந்து தேவை என்பதை மருத்துவர்களைக் கொண்ட குழு அத்தியாவசிய மருந்துப் பட்டியலாக வகுத்தது. விற்பவர் கொண்டுவந்து காட்டியதைப் பார்த்துத் தேவை தீர்மானமாகவில்லை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீட்டைக் குறித்த பாஸ்புக் ஒன்று தரப்பட்டது. கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க அதில் தொகை கழியும். ஆகவே யார் எதை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பது கழகத்துக்குத் தெரிந்தது. கிடங்கு இருப்புக் கணினியில் பதிவானதால் அடுத்த கொள்முதல் ஆணை ஊகத்தை நம்பி இருக்கவில்லை.

ஆக, தனக்கு என்ன வேண்டும் என்பதும், வந்தது கேட்டதுதானா என்பதும், அது எங்கே செலவாகிறது என்பதும் வாங்குபவருக்குத் தெரிந்திருந்தன. இவை கைவசம் இருந்ததால்தான் குறைந்த விலைக்கு வாங்குவது ஆபத்தில்லாமல் நடந்தது. சோதனைச் சாலை இல்லாத இடத்தில் அதே டெண்டர் முறை போலி மருந்தையே மலிவாக வாங்கித் தந்திருக்கும்.

3. கருவிகள் தந்த எச்சரிக்கை

மாத்திரைக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்பவை மருத்துவக் கருவிகள். மாத்திரை விழுங்கியதும் தீர்ந்துவிடும். கருவியோ பத்தாண்டு ஓட வேண்டும். உதிரிப் பாகம், அளவுத்திருத்தம், இயக்கத் தெரிந்த ஆள் என்று அதன் தேவை தொடர்ந்துகொண்டே இருக்கும். வாங்கிய நாளில் முடியாத கொள்முதல் இது.

தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் மாநிலவாரியாக மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, பொது மருத்துவமனைகளில் 13 முதல் 34 விழுக்காடு வரையான கருவிகள் செயல்படாமல் கிடந்தது தெரியவந்தது. 2015-இல் கருவிப் பராமரிப்புக்கென்று தேசியத் திட்டம் ஒன்று தொடங்கியதற்கு இதுவே பின்னணி. இந்தக் கருவிகளெல்லாம் விதிப்படி டெண்டர் விட்டு வாங்கப்பட்டவையாகவே இருந்திருக்கலாம். தணிக்கையில் குறை காண எதுவும் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார், ஐந்தாம் ஆண்டில் உதிரிப் பாகத்துக்கு என்ன விலை என்ற கேள்விகள் கேட்கப்படாத இடங்களில், ரசீது மட்டும் சரியாக இருந்தது.

இதைக் கண்ட பின்னரே முழுமையான பராமரிப்பு ஒப்பந்தம், மாவட்ட அளவில் உயிர்மருத்துவப் பொறியாளர், கருவி ஓடாத நாள்களுக்கு அபராதம் போன்ற ஏற்பாடுகள் பரவலாயின. வாங்கும் பொருளின் ஆயுள் நீள நீள, வாங்குபவர் தன் பக்கம் வைத்திருக்க வேண்டிய திறமையும் கூடுகிறது என்பதே கருவிகள் கற்பித்த பாடம். மென்பொருளுக்கு இந்தப் பாடம் பன்மடங்கு பொருந்தும். கருவி பழுதானால் நின்றுவிடும்; எல்லோருக்கும் தெரியும். மென்பொருள் பழுதான நிலையிலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

4. இங்கிலாந்து: சிறந்த டெண்டர், தோற்ற திட்டம்

மென்பொருள் கொள்முதலின் தோல்விக்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2002-இல் தொடங்கிய தேசியத் தகவல் தொழில்நுட்பத் திட்டம். நாட்டை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, அக்செஞ்சர், பிடி, சிஎஸ்சி, ஃபுஜிட்சு ஆகிய நான்கு பெருநிறுவனங்களுக்கு 2003–04-இல் ஒப்பந்தம் தரப்பட்டது. முதல் ஒப்பந்தங்களின் மதிப்பு ஏறத்தாழ 620 கோடி பவுண்டு. அக்செஞ்சர் 2006-இல் விலகியது. ஃபுஜிட்சுவின் ஒப்பந்தம் 2008-இல் முறிந்தது. 2011 செப்டம்பரில் அரசு திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தது. திட்டத்தின் மொத்தச் செலவு 980 கோடி பவுண்டை எட்டும் என்று நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 2013-இல் சொன்னது.

இதை அரசு நிர்வாகத்தின் மெத்தனம் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் சான்று அப்படிச் சொல்லவில்லை. கொள்முதல் என்ற அளவில் இது விரைவாகவும் கறாராகவும் நடந்தது. வேலை முடிந்து ஒப்படைத்த பிறகே பணம் என்று ஒப்பந்தம் விதித்தது. தாமதத்தின் சுமையை நிறுவனங்களே ஏற்றன. அக்செஞ்சர் விலகியதற்கு முன் தன் கணக்கில் பெரும் இழப்பைக் காட்ட நேர்ந்ததும் அதனால்தான். 2006-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் அளித்த அறிக்கைகூட ஒப்பந்தம் போடப்பட்ட விதத்தைப் பாராட்டியே பேசியது. அதாவது டெண்டராக வென்ற ஒன்று திட்டமாகத் தோற்றது.

காரணம், மையத்தில் இருந்தவர்கள் மருத்துவமனைகளுக்காக வாங்கினார்கள். மருத்துவமனைகளோ ஒப்பந்தத்தில் தரப்பினராகவே இல்லை. எந்த வார்டில் எந்தப் படிவம் எப்படி நகர்கிறது என்று தெரிந்தவர்களிடம் கேட்பதற்கு முன்பே கையெழுத்து முடிந்துவிட்டது. மூன்று வட்டாரங்களுக்கென்று தேர்வான லொரென்சோ என்ற மென்பொருள், தேர்வான நாளில் முழுமையாக எழுதப்பட்டிருக்கவும் இல்லை. அதை உருவாக்கிய ஐசாஃப்ட் நிறுவனத்தின் மேம்பாட்டு மையம் ஒன்று சென்னையில் இருந்தது. இங்கிலாந்து மருத்துவமனை வார்டுகளுக்கான நிரலின் ஒரு பகுதி இங்கே எழுதப்பட்டது. எழுதியவரும் பயன்படுத்துபவரும் இத்தனை தூரத்தில் இருக்கும்போது நடுவில் நின்று இருவர் தேவையையும் அறிந்து சொல்ல வேண்டியவர் வாங்குபவர். அந்த இடத்தில் ஒப்பந்த ஆவணம்தான் இருந்தது.

அதே திட்டத்தில் வென்ற பகுதிகளும் உண்டு. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கணினிவழி அனுப்பும் ஏற்பாடு நாடு முழுவதும் நிலைத்தது. நோயாளி விவரங்களை இணைக்கும் ‘ஸ்பைன்’ என்ற மையக் கட்டமைப்பும் நிலைத்தது. ஒப்பந்தக்காரர் கட்டிய ஸ்பைனை, சுகாதாரத் துறையின் சொந்தத் தகவல் மையம் திறமூல மென்பொருளைக் கொண்டு மீண்டும் எழுதி 2014-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. வாங்கிப் பழகிய அதே துறை, தன்னிடம் ஆள் சேர்ந்தபின் கட்டவும் கற்றது.

5. அமெரிக்கா: யாரும் பார்க்காத வரிசை

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை வேறு பாதையில் வந்தது. 1970-களின் இறுதியிலிருந்து அத்துறையின் மருத்துவர்களும் நிரலாளர்களும் சேர்ந்து தாங்களே எழுதிய ‘விஸ்டா’ என்ற பதிவேட்டு மென்பொருள் உலக அளவில் பெயர் பெற்றது. 2018 மே மாதம் அதைக் கைவிட்டு, செர்னர் நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாற 1,000 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகர மருத்துவமனையில் முதலில் அது இயங்கத் தொடங்கியது.

அங்கு நடந்தது கூர்ந்து பார்க்கத்தக்கது. மருத்துவர் ஒரு பரிசோதனைக்கோ மறுவருகைக்கோ திரையில் ஆணையிடுகிறார். ஆணை போய்ச் சேர வேண்டிய இடத்தின் பெயர் மென்பொருளின் பட்டியலோடு பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதைத் திருப்பி அனுப்பாது. ‘அறியப்படாதவை’ என்ற ஒரு வரிசையில் போட்டுவிடும். மருத்துவரின் திரையில் ஆணை போய்விட்டதாகவே தெரியும். அந்த வரிசையைப் பார்க்க ஆளே நியமிக்கப்படவில்லை. 2021 ஜூன் வரையில் 11,000-க்கும் மேற்பட்ட ஆணைகள் இவ்வாறு சேராமல் போயின என்றும், இதனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்தது என்றும் அத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 ஜூலையில் அறிக்கை அளித்தது. இப்படியொரு வரிசை இருப்பதை நிறுவனம் துறைக்குத் தெரிவிக்கவில்லை என்பதும் அவ்வறிக்கையின் முடிவு. 2023 ஏப்ரலில் மற்ற மருத்துவமனைகளுக்கு விரிவாக்கும் பணி நிறுத்திவைக்கப்பட்டது.

மருந்துக் கிடங்கோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கிடங்கில் சரக்கைத் தனியே நிறுத்தி, விற்றவர் சொல்லைக் கேளாமல், தானே சோதிக்கிறார் வாங்குபவர். இங்கே எதைச் சோதிக்க வேண்டும் என்பதே விற்றவர் சொன்னால்தான் தெரியும் என்ற நிலை.

6. எதிர்வாதம்: எல்லாவற்றையும் அரசே எழுதிவிடலாமா?

மேற்கண்டவற்றை வைத்து, அரசு மென்பொருளை வாங்காமல் தானே எழுத வேண்டும் என்று முடிவு கட்டுவது எளிது. அதற்கும் சான்று முழுதாகத் துணை நிற்கவில்லை. விஸ்டாவே அதற்கு உதாரணம். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டதால், காலப்போக்கில் அது சுமார் 130 வெவ்வேறு வடிவங்களாகப் பிரிந்தது. அது எழுதப்பட்ட பழைய நிரல்மொழியில் தேர்ந்தவர்கள் அரிதானார்கள். சொந்தமாக எழுதியது என்ற பெருமை பராமரிப்புச் செலவைக் குறைக்கவில்லை.

இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இ-சஞ்சீவனி தொலைமருத்துவத் தளம் 2019 நவம்பரில் தொடங்கியது. ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரை அணுகும் பிரிவு திறக்கப்பட்டது. மாநிலங்கள் தனித்தனியே டெண்டர் விட்டிருந்தால் அந்த வேகம் கிடைத்திருக்காது. அதே சமயம், அரசு நிறுவனம் எழுதியது என்பதாலேயே களத்தில் வேலை குறைந்துவிடும் என்பதும் இல்லை. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் ‘பிக்மி’ தளம் தேசியத் தகவல் மையத்தின் துணையோடு உருவானது. அதன் பயனை மறுக்க முடியாது. ஆனால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் வேறொரு கணக்குச் சொல்வார். கர்ப்பிணியின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பின் அதையே தளத்திலும் ஏற்ற வேண்டும். புதிய தளம் வந்தபோது பழைய பதிவேடு போகவில்லை. கொள்முதல் ஆவணத்தில் இந்த இரட்டை வேலைக்குப் பத்தியே கிடையாது. ஆகவே அதற்கு விலையும் கிடையாது.

வாங்குவதா, எழுதுவதா என்ற இருமுனைக்கு வெளியே இலங்கை ஒரு வழியைக் காட்டுகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனம் நார்வேயின் ஒத்துழைப்போடு மருத்துவர்களுக்கென்றே உயிர்மருத்துவத் தகவலியல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. அதில் பயின்ற மருத்துவர்கள் சுகாதார அமைச்சின் பணியிலேயே இருந்தார்கள். 2020 ஜனவரி இறுதியில் அந்நாட்டின் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்ட காலத்தில், ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் திறமூல மென்பொருளான டிஎச்ஐஎஸ்2-வைக் கொண்டு, நாட்டுக்குள் வருவோரைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஏற்பாட்டை அவர்களும் அவர்களோடு இயங்கிய குழுவும் விரைந்து உருவாக்கினார்கள். பிற நாடுகள் பின்னர் அதை எடுத்துக்கொண்டன. நார்வேயின் நகராட்சிகளும் டிஎச்ஐஎஸ்2-வைத் தொடர்புத் தடமறிதலுக்குப் பயன்படுத்தின. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது இங்கே இரண்டாம்பட்சம். அதே மென்பொருள் பல நாடுகளுக்கும் இலவசமாகத்தான் கிடைத்தது. அதைத் தன் தேவைக்கு வளைக்கத் தெரிந்த, அரசுச் சம்பளத்தில் இருந்த மருத்துவர்கள் இலங்கையில் முன்பே இருந்தார்கள்.

7. அறிவு வளங்களை வாங்குதல்

மருத்துவ அறிவு வளங்களின் கொள்முதலிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. சிகிச்சைகளின் பயனைச் சான்றுகளின் அடிப்படையில் தொகுத்துத் தரும் காக்ரேன் நூலகத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் நாடு தழுவிய உரிமம் வாங்கியது. இணைய இணைப்பு உள்ள எவரும் இந்தியாவிலிருந்து அதைப் படிக்கலாம் என்ற ஏற்பாடு அது. 2014-இல் ஸ்னோமெட் சிடி என்ற நோய்க் குறியீட்டுத் தொகுதியின் உறுப்பு நாடாக இந்தியா சேர்ந்தது. அதனால் நாட்டுக்குள் அதைப் பயன்படுத்த எந்த மருத்துவமனையும் தனியே கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் இதில் அடங்கும்.

மொத்தமாகப் பேரம் பேசியதில் மருந்துக் கொள்முதலின் தர்க்கம் இங்கே சரியாகவே இயங்கியிருக்கிறது. பயன்பாட்டில்தான் இடைவெளி. ஒரே நாடு ஒரே சந்தா, அரசு உயர்கல்வி நிறுவனங்களையும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களையும் அடிப்படையாகக் கொண்டது. மருத்துவக் கல்லூரியில் இருப்பவருக்கு அது கிட்டும். கல்லூரியோடு தொடர்பில்லாத ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். காக்ரேன் உரிமம் எல்லோருக்கும் திறந்திருந்தது; ஆனால் ஒரு மணி நேரத்தில் பல பத்து நோயாளிகளைப் பார்க்கும் புறநோயாளி அறையில் ஆங்கில ஆய்வுத் தொகுப்பைத் திறந்து படிக்க யாருக்கு நேரம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 முதல் வெளியிட்டுவரும் தரச் சிகிச்சை வழிமுறைகள் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பக்க வரைபடமாக அமைந்திருப்பது இந்தத் தேவையை உணர்ந்ததன் அடையாளம். சந்தாவுக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால், இப்படித் தொகுத்துத் தரும் வேலைக்கு ஆகும் செலவு சிறிது. அறிவு வளத்திலும் வாங்குவது பாதி வேலை. வாங்கியதைப் பிரித்துப் பரிமாற ஆள் வேண்டும்.

8. சட்டம் தடையா?

குறைந்த விலை விதியே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற கருத்தை இங்கே எடைபோட வேண்டும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதன் 10-ஆம் பிரிவு குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் ‘குறைந்த’ என்பதை டெண்டர் ஆவணத்தில் குறித்த, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளையும் அவற்றுக்குத் தரும் ஒப்பீட்டு எடையையும் கொண்டு கணிக்க வேண்டும் என்றே சட்டம் பேசுகிறது. ஒன்றிய நிதியமைச்சகமும் 2021 அக்டோபரில் வெளியிட்ட பொது அறிவுறுத்தல்களில், தரம் முதன்மை பெறும் கொள்முதல்களில் விலை சாராத காரணிகளுக்கு 30 விழுக்காடு வரை எடை தரலாம் என்று வழி திறந்தது.

ஆக, கதவு முழுதாக அடைபடவில்லை. ஆனால் அந்த 30 விழுக்காட்டை எதற்குத் தருவது என்று எழுத யாராவது வேண்டும். அத்தகையவர் இல்லாத அலுவலகத்தில், நிறுவனத்தின் ஆண்டு வருமானம், பணியாளர் எண்ணிக்கை, சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கே மதிப்பெண் போகிறது. இவை பெரிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க உதவும். நல்ல மென்பொருளைத் தேர்ந்தெடுக்க உதவா. விதியைத் தளர்த்தினால் தரம் வரும் என்ற வாதம் இங்கே தடுமாறுகிறது. அறிவில்லாத இடத்தில் விதியைத் தளர்த்தினால், விற்பவரின் விளக்கப் படங்களுக்கு மதிப்புக் கூடும்.

9. முடிவுரை

மருந்துக் கொள்முதலின் வெற்றியிலிருந்து மென்பொருளுக்கு எடுத்துச் செல்ல வேண்டியது இரண்டு உறை முறையை அன்று, அதைத் தாங்கி நின்ற நான்கு தூண்களை: தேவையைத் தானே வகுத்த பட்டியல், பெயர் மறைத்த சோதனை, பயன்பாட்டுக் கணக்கு, தவறியவரை விலக்கும் துணிவு. இவற்றுக்கு மென்பொருளில் இணையானவை உண்டு.

பட்டியலுக்கு இணையாக, மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் எழுதிய தேவைக் குறிப்பு வேண்டும். எந்தப் பழைய பதிவேடு நீங்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். தொகுதிச் சோதனைக்கு இணையாக, ஒவ்வொரு புதிய பதிப்பையும் விற்பவர் இல்லாத அறையில், சில மருத்துவமனைகளின் உண்மையான வேலையை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தவறான முகவரியுள்ள ஆணையை வேண்டுமென்றே அனுப்பிப் பார்ப்பதும் அச்சோதனையில் அடங்கும். பாஸ்புக்குக்கு இணையாக, எந்த நிலையம் எந்தப் பகுதியைப் பயன்படுத்துகிறது, எதைத் தவிர்க்கிறது என்ற கணக்கு துறையின் கையிலேயே இருக்க வேண்டும். விலக்கும் துணிவுக்கு, விலகும் வழி முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: நோயாளித் தரவு பொதுத் தரநிலையில் முழுதாகத் திரும்பக் கிடைக்காவிட்டால், எந்த அரசும் எந்த நிறுவனத்தையும் விலக்க முடியாது.

இவையனைத்துக்கும் ஆள் வேண்டும். மருத்துவமும் தெரிந்து நிரலும் வாசிக்கத் தெரிந்த, திட்டம் முடிந்ததும் கலைந்துபோகாத, நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். மென்பொருள் நிறுவனங்கள் தரும் சம்பளத்தோடு அரசு போட்டியிட முடியாது என்பார்கள். இலங்கை மருத்துவர்களைப் பயிற்றி இதற்கு ஒரு விடை கண்டது. ஆண்டுதோறும் இத்தனை மருத்துவர்களையும் இத்தனை பொறியாளர்களையும் வெளியே அனுப்பும் தமிழ்நாட்டுக்கு அது எட்டாத விடையாக இருக்க முடியாது.

அடுத்த முறை ஒரு சுகாதார மென்பொருளுக்கான டெண்டர் வெளியாகும்போது, பொதுநல நோக்கில் அதை வாசிப்பவர்கள் விலைப்பட்டியலுக்கு முன் ஏற்புச் சோதனை பற்றிய பக்கத்தைத் தேட வேண்டும். சோதனையை நடத்துபவர் என்ற இடத்தில் விற்பவரோ, விற்பவர் அமர்த்திய ஆலோசகரோ இருந்தால், அந்த டெண்டர் எவ்வளவு வெளிப்படையாக நடந்தாலும் அரசு எதை வாங்குகிறது என்பது அரசுக்குத் தெரியாது.